என் கதவில் தொங்கிய வாரியல்

செப்டம்பர் 3, செவ்வாய்

பாளையங்கோட்டையிலிருந்து புறப்படும்போது அப்பா கொடுத்த உரக்கடை டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் விவசாயிக்கு ஒரு யோசனை அச்சடித்திருக்கிறது. இன்றைக்கு, 'நாற்றைப் பறித்த அன்றே நடவும்.' என்னைப் பறித்து நான்கு நாளாகிறது. ஸ்டுட்கார்ட்டில் நட்டாயிற்று. பிடிக்குமா என்று போகப் போகத்தான் தெரியும்.

அறை கிடைத்தது அருள் அண்ணன் புண்ணியத்தில். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். ஆறு மாதப் பயிற்சிக்காக வேறு ஊருக்குப் போயிருக்கிறார். அதுவரை அவர் அறையில் நான். ஒரே நிபந்தனை, வீட்டை நிர்வகிக்கும் அலுவலகத்துக்கு என்மீது ஒரு புகாரும் போகக் கூடாது. போனால் அறையைக் காலி செய்ய வேண்டும். இங்கே அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. என்னோடு ஜெர்மன் வகுப்புக்கு வரும் ஒருவன் விடுதியில் எட்டுப் பேரோடு ஒரே அறையில் கிடக்கிறான். என்மீது புகாரா? பள்ளிக்கூடத்தில் நன்னடத்தைப் பரிசு மட்டும் ஐந்து முறை வாங்கியிருக்கிறேன்.

செப்டம்பர் 7, சனி

காலையில் கதவைத் திறந்தால் கைப்பிடியில் ஒரு மரப்பலகை தொங்குகிறது. அதில் ஒரு வாரியல் படம். துடைப்பத்தை எங்கள் பக்கம் வாரியல் என்போம். கீழே நீளமாக ஒரு வார்த்தை. போனில் காட்டியதும் 'கூட்டும் வாரம்' என்றது. இந்த வாரம் கூட்டுவதற்கு ஆள் வரும் என்று வீட்டு வாசலில் முன்கூட்டியே பலகை மாட்டிச் சொல்கிறார்கள்! நாடு என்றால் இதுவல்லவா நாடு.

படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். நம்ம ஊர் கார்ப்பரேஷன்காரனும் இப்படிச் செய்தால் என்ன என்று பதில் வந்தது.

பலகையைத் தொடவில்லை. அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள்.

செப்டம்பர் 14, சனி

கூட்டுகிறவள் வந்துவிட்டாள். ஐம்பது வயது இருக்கும். நீல ஏப்ரன், மஞ்சள் ரப்பர் கையுறை. மேல்மாடியிலிருந்து ஒவ்வொரு படியாகக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். சும்மா சொல்லக் கூடாது, வேலை சுத்தம். என்னைப் பார்த்ததும் என் கதவில் தொங்கிய பலகையைக் காட்டி ஏதோ கேட்டாள். ஆமாம், பார்த்தேன், நன்றி என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தோளைக் குலுக்கிவிட்டுக் கீழே போனாள்.

நேற்றுச் செய்த எலுமிச்சம்பழச் சோறு மிச்சம் இருந்தது. ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் கொண்டுபோனேன். அவள் கையை நீட்டினாள். நான் படியில் வைத்துவிட்டு, எடுத்துக்கொள் என்று சைகை காட்டினேன். கையுறை போட்டிருந்தாள் அல்லவா, அதனால்தான். குனிந்து எடுத்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள். பாவம், இங்கே இந்த மாதிரி யாரும் கொடுப்பதில்லை போலிருக்கிறது.

நம் பழக்கத்தைக் கடல் கடந்தும் விடவில்லை என்று நினைத்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

மழை. ஜெர்மன் வகுப்பில் மணி சொல்லப் படித்தோம். எனக்கு மட்டும் எப்போதும் அரை மணி தப்புகிறது.

செப்டம்பர் 21, சனி

டப்பா திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, உள்ளே பிளம்ஸ் பழம் பதித்த கேக் நான்கு துண்டு வைத்துக் கொடுத்தாள். வீட்டில் சுட்டதாம். அடுப்பைக் கையால் நடித்துக் காட்டினாள்.

இரண்டு நாளாக வயிறு சரியில்லை. கேக்கைக் கீழே உணவுக் கழிவுக்கான பழுப்புத் தொட்டியில் போட்டுவிட்டேன்.

மத்தியானம் மூன்று முட்டை ஆம்லெட், ஆறு துண்டு பிரெட்.

செப்டம்பர் 22, ஞாயிறு

டப்பாவை மறுபடி கழுவி, கழிப்பறைப் பிரஷ் பக்கத்தில் தனியாக வைத்திருக்கிறேன். மற்ற பாத்திரங்களோடு கலந்துவிட்டால் எது எது என்று தெரியாது.

செப்டம்பர் 28, சனி

தயிர்சோறு, முந்தாநாள் செய்தது. டப்பாவில் போட்டு வழக்கம்போல் படியில் வைத்தேன். இன்றைக்கு அவள் கூட்டியதில் கொஞ்சம் அவசரம் தெரிந்தது. என் கதவோரம் காய்ந்த இலைகள் அப்படியே கிடந்தன. கையில் புத்தகங்கள் இருந்ததால் காலால் சுட்டிக் காட்டினேன். அவள் என் காலைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கூட்டினாள்.

பலகை இன்னும் என் கதவில்தான் தொங்குகிறது. எடுக்க மறந்துவிட்டார்கள். எந்த ஊரிலும் வேலைக்காரர்கள் வேலைக்காரர்கள்தான்.

அக்டோபர் 2, புதன்

கடிதம் வந்தது. வீட்டு நிர்வாக அலுவலகத்திலிருந்து, இரண்டு பக்கம். போன் மொழிபெயர்த்ததைப் பாதி நம்ப முடியவில்லை. அருள் அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் கூப்பிட்டார்.

"டேய் தாணு, நாலு வாரமா அந்தப் பலகைய உன் கதவுலயே வச்சிருக்கியாடா?"

"கூட்டறவங்க வந்து எடுப்பாங்கன்னு இருந்தேன் அண்ணே."

"எவன்டா வருவான்? பலகை யார் கதவுல தொங்குதோ அவன்தான் அந்த வாரம் படிக்கட்டு, நடைபாதை எல்லாம் கூட்டணும். குப்பைத்தொட்டிய ரோட்டுக்குத் தள்ளணும். முடிஞ்சதும் அடுத்த வீட்டுக் கதவுல மாட்டணும். ஆறு வீட்டுக்கும் முறை. ஊர் வழக்கம்டா இது. நான் போன்ல சொன்னேனே."

சொல்லியிருப்பார். நான்தான் காதில் வாங்கவில்லை.

"அப்போ அந்த நீல ஏப்ரன் போட்ட அம்மா?"

"அது மூணாவது மாடி ஐசெலே மேடம். அங்க குடியிருக்காங்க. உனக்குப் பதிலாத்தான் கூட்டியிருக்காங்க. லெட்டர்லயே போட்டிருக்கு பாரு."

தரைத்தள வீட்டுக்காரர் புகார் கொடுத்திருக்கிறார். பதினான்காம் தேதிக்குள் எழுத்தில் விளக்கம் தராவிட்டால் நான் இங்கே தங்குவதற்குக் கொடுத்த அனுமதி ரத்து. ஐசெலே அவர்களிடமும் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். ஆக, என் அறை அவர் சொல்லப்போகும் வார்த்தையில் இருக்கிறது.

போனை வைத்துவிட்டு மூன்றாவது மாடிக்கு ஏறினேன். கதவில் பெயர் இருந்தது. எ. ஐசெலே. வாசலில் மிதியடி. மிதியடி பக்கத்தில், சுவரில் சாய்த்து, அந்த வாரியல். மணியை அழுத்தவில்லை. சத்தம் கேட்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

அக்டோபர் 3, வியாழன்

அரசு விடுமுறை. வெளியே போகவில்லை. படிக்கட்டில் காலடி கேட்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 4, வெள்ளி

வகுப்புக்குப் போகும் டிராமில் முன்பக்கம் ஏறினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சீருடையில் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஐசெலே. ஒரு மாதமாக நான் போகிற டிராம். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மீதி தூரம் நடந்தேன்.

நடக்கும்போது மனதில் முதலில் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன். நல்லவேளை, டாக்டரோ பேராசிரியரோ இல்லை, டிராம் ஓட்டுகிறவர்தான்.

மேலே உள்ள வரியை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

அக்டோபர் 5, சனி

காலை பத்து மணிக்கு ஏறிப்போய் மணியை அழுத்தினேன். சொல்ல வேண்டியதை ஜெர்மனில் மொழிபெயர்த்துப் போனில் வைத்திருந்தேன். உள்ளே கூப்பிட்டு, சமையலறையில் நாற்காலியை இழுத்துப் போட்டார். கதவுக்குப் பின்னால் டிராம் கம்பெனிக் கோட்டு தொங்கியது. என் ஐஸ்கிரீம் டப்பா, தயிர்சோறு கொண்டுபோனது, அவருடைய பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில் அலமாரியில் இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் கடிதம் தனக்கும் வந்தது என்றார். ஆங்கிலம் கொஞ்சம், ஜெர்மன் கொஞ்சம், மீதி கை. பதிலும் எழுதிவிட்டாராம். நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டோம், அந்த மாணவர் எனக்குச் சனிக்கிழமை சமைத்துத் தருவார், நான் அவருடைய முறையைக் கூட்டுவேன், இதில் மற்றவர்களுக்கு என்ன கஷ்டம் என்று எழுதியிருக்கிறார். பொய்யாக எழுதவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருக்கிறார். புது ஊர், படிப்பு, கூட்ட நேரமில்லை, அதற்கு ஈடாகச் சோறு கொண்டுவந்து வைக்கிறான் பையன் என்று. எலுமிச்சம்பழச் சோறு பிரமாதமாம். அந்தப் புளித்த வெள்ளைச் சோறு மட்டும் பழக இரண்டு வாய் ஆனதாம்.

காலால் இலையைக் காட்டியதைக்கூட நடித்துக் காட்டிச் சிரித்தார். கை நிறையப் புத்தகம், பாவம், காலாலாவது உதவி செய்தான் என்று.

போனை நீட்டினேன். 'மன்னிக்க வேண்டும். நான் உங்களை இந்த வீட்டைக் கூட்டும் வேலைக்காரர் என்று நினைத்தேன்.' கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"இதற்கு எதற்கு மன்னிப்பு? என் அம்மா முப்பது வருடம் ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டினார்."

பிறகு நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "அப்படியானால், கூட்டுகிறவர் என்று நினைத்தா எனக்குச் சாப்பாடு தந்தீர்கள்? என் அம்மாவுக்கு ஒருவரும் ஒருநாளும் தந்ததில்லை. நல்ல வழக்கம் உங்களுடையது."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அது எந்த மாதிரிச் சோறு, டப்பாவை எங்கே வைத்திருந்தேன், ஏன் கையில் தராமல் படியில் வைத்தேன் என்று. தலையை ஆட்டினேன். பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

புறப்படும்போது தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டார். கேக்கைத் தொட்டியில் பார்த்தாராம். திங்கட்கிழமை தொட்டியை ரோட்டுக்குத் தள்ளியதும் அவர்தானே. தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றார். கூட வேலை பார்க்கும் ஒரு இந்தியர் முட்டை சேர்ப்பதில்லை, நீங்களும் அப்படித்தானோ என்று.

"ஆமாம்" என்றேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

டைரியை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். செப்டம்பர் பதினான்கிலிருந்து 'கூட்டுகிறவள்', 'அவள்', 'எடுத்துக்கொள்'. அக்டோபர் இரண்டாம் தேதி, பக்கத்தின் பாதியிலிருந்து 'அவர்'. மாற்றி எழுத வேண்டும் என்று யோசித்ததாகவே ஞாபகம் இல்லை. கை தானாக மாற்றிக்கொண்டிருக்கிறது. நேற்று நான் மன்னிப்புக் கேட்டதுகூட அவரை மட்டமாக நடத்தியதற்காக இல்லை. மட்டமாக நடத்தக் கூடாத ஆளை அப்படி நடத்திவிட்டேனே என்பதற்காகத்தான். அதைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி ஆனது எனக்கு.

எங்கள் வீட்டுக் கொல்லையையும் கழிப்பறையையும் மாடத்திதான் கழுவுகிறாள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வருகிறாள். அம்மாவைவிட வயதில் மூத்தவள். வீட்டுக்குள் வந்ததில்லை, பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்கு வருவாள். குழாய்க்கு மேலே சுவர் மாடத்தில் ஒரு அலுமினிய டம்ளர் கவிழ்ந்திருக்கும். அவள் அதை நிமிர்த்திப் பிடிப்பாள், அம்மா உயரத்திலிருந்து காப்பியை ஊற்றுவார்கள். குடித்துவிட்டு அவளே கழுவிக் கவிழ்த்து வைப்பாள்.

எனக்கு ஆறு வயதிருக்கும். வெயிலில் விளையாடிவிட்டு வந்து அந்த டம்ளரில் குழாய்த் தண்ணீர் பிடித்துக் குடித்தேன். அம்மா அந்த இடத்திலேயே அடித்து, தலையோடு தண்ணீர் ஊற்றினார்கள். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மாடத்தி வாரியலோடு ஓடிவந்து, "அடிக்காதீய யம்மா, எம்மேலதான் தப்பு, நாந்தான் கையெட்டுத மாதிரி வச்சிட்டேன்" என்றாள். மறுநாள் டம்ளர் இரண்டு செங்கல் உயரம் மேலே இருந்த இன்னொரு மாடத்துக்கு ஏறியிருந்தது. எனக்கு எட்டாத உயரத்தில் அவளே இடம் பார்த்து வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு எனக்கு அந்த டம்ளர் பக்கம் போகத் தோன்றவே இல்லை. அம்மா வேறு எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் வீட்டில் அம்மாவை 'நீங்கள்' என்றுதான் சொல்வோம். மாடத்தியை நான் 'நீ' என்றே கூப்பிட்டு வந்திருக்கிறேன். பால்வாடி போன நாளிலிருந்து. மேலே எழுதியதில் எத்தனை 'அவள்' என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை எழுத வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 9, புதன்

அலுவலகத்திலிருந்து பதில். இருவரும் பேசி வைத்துக்கொண்டதாகத் தெரியவந்ததால் புகார் கைவிடப்படுகிறது, பிப்ரவரி வரை இருக்கலாம். அருள் அண்ணன், பார்ட்டி வைடா என்கிறார்.

மாலையில் வாசலில் ஐஸ்கிரீம் டப்பா. உள்ளே கேக். மேலே ஒட்டிய சீட்டில் முட்டையின் படம் வரைந்து குறுக்கே ஒரு கோடு. எனக்காக முட்டை இல்லாமல் செய்து பார்த்திருக்கிறார். நடுவில் அமுங்கி, களி மாதிரி இருந்தது. நின்றபடியே டப்பாவிலிருந்து கையால் எடுத்து முழுவதையும் தின்றேன். தொண்டையில் அடைத்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தின்றேன்.

டப்பாவைக் கழுவி என் தட்டுகளோடு வைத்தேன். ஒரு டப்பாவைத் தட்டோடு வைத்ததற்கு நெஞ்சு படபடத்தது என்றால் யார் நம்புவார்கள்?

அக்டோபர் 12, சனி

என் முறை. வாரியலும் முறமும் வாங்கி வந்திருந்தேன். நான்காவது மாடியில் ஆரம்பித்தேன். மேலிருந்து கீழே கூட்ட வேண்டும் என்பதுகூட ஐசெலே கூட்டுவதைப் பார்த்துக் கற்றதுதான். முதல் இரண்டு மாடி, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று இருந்தது. தரைத்தள வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். முறைப்பார் என்று நினைத்தேன். குட் மார்னிங் சொல்லிவிட்டு என்னைத் தாண்டி நடந்தார். கூட்டுகிறவனுக்கு அவர் குட் மார்னிங் சொன்னதில் நான் ஆச்சரியப்பட்டு நின்றேன். நடைபாதை இலைகளை அள்ளிப் போட்டு முடித்தபோது மணி எட்டு. ஊரில் பதினொன்றரை. மாடத்தி வரும் நேரம்.

அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். வாரியலைக் கையில் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஏல, இதுக்கால ஒன்ன அவ்வளவு தொலைக்கு அனுப்பி வச்சோம்? ஒரு ஆள வச்சுக்கிட வேண்டியதுதானே."

இங்கே எல்லாரும் கூட்டுவார்கள் என்றேன். மாடத்தி வந்தாயிற்றா, கொஞ்சம் பேச வேண்டும் என்றேன். அம்மாவுக்குப் புரியவில்லை. அவளிடம் பேச என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே கொல்லைக்கு நடந்தார்கள். போனை அவர் கையில் கொடுங்கள் என்றேன்.

"அவ கை ஈரமால்ல இருக்கு" என்றார்கள் அம்மா.

போனைச் சுவர் மாடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, "ஏ மாடத்தி, தம்பி பேசுதான் பாரு" என்று சொல்லி அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டார்கள். திரையில் பாதியை அலுமினிய டம்ளர் மறைத்தது. மீதியில் கொஞ்சம் வானம், குழாய், நாலடி தள்ளி மாடத்தி. கிட்டே வரவில்லை. சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். 'நின்றார்' என்று எழுதக் கை கூசுகிறது. எழுதுகிறேன்.

சொல்ல வேண்டியதையெல்லாம் நடைபாதையில் நின்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். அந்த டம்ளரைப் பார்த்ததும் ஒன்றும் நினைவில் இல்லை.

"நல்லா இருக்கீங்களா?" என்றேன்.

அவர் திரும்பி வீட்டுக்குள் பார்த்தார்.

"சாப்டீங்களா? ஒங்களத்தான் கேக்கேன்."

மாடத்தி அவசரமாக ஒதுங்கி வழிவிட்டு நின்றார்.

"யம்மா, சீக்கிரம் வாங்க, தம்பி ஒங்ககிட்டல்லா பேசுதாவ" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, வாரியலை எடுத்துக்கொண்டு சாக்கடைப் பக்கம் போய்விட்டார்.

அம்மா ஈரக் கையோடு ஓடிவந்து போனை எடுத்தார்கள்.

"என்னல கேட்ட அவகிட்ட?"

உங்களைத்தான் விசாரித்தேன் என்று சொல்லிவிட்டேன்.